க்ரைம் எழுதும் பெண்களுக்குத் தனிச் சங்கம் எதற்கு?

கேள்வி இது: "குற்றக்கதை உலகத்துக்கே ராணி அகதா கிறிஸ்டிதான். விற்பனையில் அவரைத் தொட ஆளில்லை. அப்படியிருக்க, க்ரைம் எழுதும் பெண்களுக்கென்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தனிச் சங்கம், தனி விருது எல்லாம் எதற்கு? அங்கே ஒரு வரி எழுதாத வாசகர்களும் உறுப்பினர்களாமே, அவர்களுக்கு என்ன வேலை?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் பாதிப் பதில் வந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர்களின் சங்கம் 1945-ல் தொடங்கியது. எட்கர் ஆலன் போ பெயரில் அவர்கள் தரும் எட்கர் விருதுதான் இந்தத் துறையின் பெரிய கௌரவம். சிறந்த நாவலுக்கான எட்கர் 1954 முதல் வழங்கப்படுகிறது. முதல் விருதே ஒரு பெண்ணுக்கு: சார்லட் ஜே. இது புனைபெயர், இயற்பெயர் ஜெரால்டின் ஹால்ஸ், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்காரர். அடுத்து 1956-ல் மார்கரெட் மில்லர், 1957-ல் சார்லட் ஆம்ஸ்ட்ராங், 1960-ல் சீலியா ஃப்ரெம்லின், 1963-ல் எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற பெயரில் எழுதிய எடித் பார்ஜெட்டர். 10 ஆண்டில் 5 பெண்கள், அதாவது சரிபாதி. அப்புறம் 1964 முதல் 1985 வரை 22 ஆண்டுகள் போகின்றன. இந்த 22 ஆண்டுகளில் தனியாக இந்த விருதை வாங்கிய பெண் ஒருவர்கூட இல்லை. 1971-ல் சுவீடன் நாட்டு இணையரான மாய் ஷோவாலும் பேர் வாலோவும் சேர்ந்து எழுதிய நாவலுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். 1986-ல் கனடாவின் எல்.ஆர். ரைட் வந்துதான் அந்த வரிசை உடைந்தது.

பெண்களின் நிலை மெல்ல மெல்ல ஏறிவந்த கதையாக இதைச் சொல்ல முடியாது. உள்ளே இருந்தவர்கள் வெளியே போன கதை இது. அந்த 22 ஆண்டில் பெண்கள் எழுதாமல் இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. பி.டி. ஜேம்ஸ் 1962-லும் ரூத் ரெண்டல் 1964-லும் முதல் நாவலை வெளியிட்டார்கள். பட்ரீஷியா ஹைஸ்மித் எழுதிக்கொண்டே இருந்தார். கிறிஸ்டியே 1976-ல் காலமாகும்வரை எழுத்தாளர்தான்.

"ராணி" என்ற பட்டத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்து ஆங்கிலத் துப்பறியும் கதைகளைப் பற்றிப் பேசும்போது நான்கு ராணிகள் என்பார்கள்: கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், மார்ஜரி ஆலிங்ஹாம், நியூசிலாந்தின் நயோ மார்ஷ். அவர்கள் பெரியவர்கள் என்பதில் சந்தேகமில்லை. லண்டனில் 1930-ல் அமைந்த டிடெக்‌ஷன் கிளப் என்ற துப்பறியும் கதை எழுத்தாளர் சங்கத்துக்கு சேயர்ஸ் தலைவராக இருந்தார். அவருக்குப் பின் கிறிஸ்டி தலைவரானபோது, மேடையில் பேசச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டார், பேசுவதற்கென்று இணைத்தலைவர் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். ஆனால் நான்கு பேருக்கு முடிசூட்டிவிட்டால் மற்ற நாற்பது பேரைத் தேட யாருக்கும் தோன்றாது என்பதும் உண்மை. ராணி இருக்கிறாரே என்று கேட்கிற கேள்விக்குள்ளேயே அந்த மறதி ஒளிந்திருக்கிறது.

அந்த நாற்பதில் ஒருவர் நியூயார்க்கின் ஆனா கேதரின் கிரீன். அவருடைய முதல் துப்பறியும் நாவல் 1878-ல் வந்து சக்கைப்போடு போட்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் அச்சில் வந்தது 1887-ல்தான். கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளுக்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1897-ல், அமீலியா பட்டர்வொர்த் என்ற வயதான, மணமாகாத, அடுத்த வீட்டு ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்காத பெண்மணியைத் துப்பறிய வைத்தவரும் கிரீன்தான்.

இன்னொரு கூட்டம் 1940-50களின் அமெரிக்கப் பெண்கள்: வேரா காஸ்பரி, டோரதி பி. ஹியூஸ், எலிசபெத் சான்க்ஸே ஹோல்டிங், மார்கரெட் மில்லர், சார்லட் ஆம்ஸ்ட்ராங். இவர்களிடம் மழைக்கோட்டு போட்ட துப்பறிவாளன் கிடையாது. பயம் வீட்டுக்குள், கல்யாணத்துக்குள், சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்திருக்கும். ஹியூஸின் 1947 நாவல் ஒன்று தொடர்கொலைகாரனின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டே நடக்கிறது. அவன் தன்னை மகா புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருக்க, அவனைச் சுற்றியிருக்கும் இரண்டு பெண்கள் அவனை அமைதியாகப் படித்துவிடுகிறார்கள். இதை 1950-ல் ஹம்ஃப்ரி போகார்ட்டை வைத்துப் படமாக எடுத்தார்கள், கதையை வெகுவாக மாற்றி. படம் காலத்தை வென்ற காவியம் ஆயிற்று. புத்தகமோ பல காலம் கண்ணில் படாமல் கிடந்தது. காஸ்பரியின் 'லாரா'வுக்கும் ஏறக்குறைய அதே கதி, படத்தைத் தெரிந்த அளவுக்கு எழுதியவரைத் தெரியாது. கடைசியில் 2015-ல் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா என்ற பதிப்பகம் சாரா வைன்மன் தொகுத்த இரண்டு பகுதிகளில் எட்டு நாவல்களை ஒன்றாகக் கொண்டுவந்தது. அறுபது எழுபது ஆண்டு தாமதம்.

இது எப்படி நடக்கிறது என்பதில் பெரிய சதியெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு புத்தகம் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் செய்தித்தாளில் மதிப்புரை வரவேண்டும், நூலகம் வாங்க வேண்டும், மலிவுப் பதிப்பு வரவேண்டும், விருதுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. மதிப்புரை இல்லையென்றால் நூலகர் ஆர்டர் போடமாட்டார், நூலகம் வாங்காவிட்டால் மறுபதிப்பு வராது, மறுபதிப்பு இல்லாதவரை பத்து ஆண்டு கழித்து யாரும் வரலாற்றில் சேர்க்கமாட்டார்கள். இதில் முதல் கண்ணி ஆண்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலே போதும், கடைசிக் கண்ணிக்கு வரும்போது பெண்கள் காணாமல் போயிருப்பார்கள். கதாநாயகி பயந்து ஓடும் அட்டைப்படத்தைப் போட்டு, 'காதல் மர்மம்' என்று வேறு அலமாரிக்கு அனுப்பிவிட்டால் விருதுக்குழுவின் கண்ணிலேயே படாது.

சரி, சங்கம் பிறந்த கதைக்கு வருவோம். 1977-ல் மார்ஷா முல்லர் ஷரன் மக்கோன் என்ற பெண் தனியார் துப்பறிவாளரை சான் பிரான்சிஸ்கோவில் நடமாட விட்டார். 1982-ல் ஒரே ஆண்டில் சூ கிராஃப்டனின் கின்சி மில்ஹோனும் சாரா பரெட்ஸ்கியின் வி.ஐ. வார்ஷாஸ்கியும் வந்தார்கள். பரெட்ஸ்கி சிகாகோவில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அதனால் வார்ஷாஸ்கி துப்புத்துலக்கும் குற்றங்களில் போலி பாலிசி, ஓய்வூதியப் பண மோசடி, கம்பெனி முதலாளிகளின் கூட்டுக்களவு எல்லாம் இயல்பாக வரும். அதுவரை இந்த வகைக் கதையில் பெண் என்றால் ஒன்று பிணம், இல்லை மயக்கிக் கவிழ்ப்பவள். இவர்களோ வாடகை கட்ட வேண்டும் என்று கவலைப்படுபவர்கள், அடிவாங்கினால் நாலு நாள் வலிக்கிறவர்கள்.

1986-ல் நியூயார்க்கின் ஹன்டர் கல்லூரியில் நடந்த ஒரு மாநாட்டில், மர்ம நாவல்களில் பெண்களைச் சித்திரவதை செய்யும் காட்சிகள் பெருகி வருவதைப் பற்றிப் பரெட்ஸ்கி பேசினார். அந்தப் பேச்சு பல பேரைத் தொட்டது, தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. ஏறக்குறைய அதே சமயத்தில் மூத்த எழுத்தாளர் ஃபிலிஸ் விட்னி, எட்கர் விருதுகளில் பெண்கள் ஒதுக்கப்படுவதைச் சுட்டிக்காட்டி எழுத்தாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். விட்னி அந்தச் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர், வெளியிலிருந்து கல்லெறிகிறார் என்று யாரும் தள்ளிவிட முடியாது. அந்த அக்டோபரில் பால்டிமோரில் நடந்த பௌச்சர்கான் என்ற க்ரைம் ரசிகர் மாநாட்டில் 26 பெண்கள் காலைச் சிற்றுண்டிக்குக் கூடினார்கள். அடுத்த ஆண்டு வசந்தத்தில், எட்கர் விருது வாரத்தில், நியூயார்க்கில் எழுத்தாளர் சாண்ட்ரா ஸ்கொப்பட்டோனின் வீட்டில் மறுபடி கூடி அமைப்புக்கு உருவம் கொடுத்தார்கள். பெயர் 'சிஸ்டர்ஸ் இன் க்ரைம்'.

ஸ்கொப்பட்டோனின் வீட்டில் கூடினார்கள் என்பது தற்செயல்தான், ஆனால் எனக்கு அது மிகவும் பிடித்த தகவல். அவர் அப்போது ஜாக் ஏர்லி என்ற ஆண் பெயரில் துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பெயரில் வந்த முதல் நாவலுக்கு, தனியார் துப்பறிவாளர் கதைகளுக்கான ஷேமஸ் விருதும் கிடைத்தது. நம் பக்கம் இது தலைகீழ். தமிழில் துப்பறியும் கதை என்றதும் நினைவுக்கு வரும் சுஜாதா மனைவியின் பெயரில் எழுதிய ரங்கராஜன், 'சுபா' என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு ஆண்கள். அங்கே பெண்ணுக்கு ஆண் பெயர் தேவைப்பட்டது, இங்கே ஆண்களுக்குப் பெண் பெயர் ஒரு இடைஞ்சலாகவே இல்லை.

அந்தக் கூட்டத்தில் எழுத்தாளர்கள் மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆரம்பகாலக் குழுவில் கேட் மேட்டஸ் இருந்தார், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் மர்மக்கதைகளுக்கென்றே புத்தகக்கடை நடத்தியவர். அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் வேலை கோஷம் போடுவது அல்ல, எண்ணுவது. நாட்டின் செய்தித்தாள்களை, பத்திரிகைகளைப் பிரித்துக்கொண்டு, எந்த மர்ம நாவலுக்கு மதிப்புரை வந்தது, எழுதியவர் ஆணா பெண்ணா என்று குறித்தார்கள். வெளியாகும் புத்தகங்களில் பெண்களின் பங்கு எவ்வளவு, மதிப்புரைகளில் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. ஆண் எழுதிய நாவலுக்கு மதிப்புரை கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். "எங்களுக்கு யாரும் மதிப்புத் தருவதில்லை" என்று ஒருவர் சொன்னால் பொறாமை என்பார்கள். ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் அவருடைய பத்திரிகையின் கணக்கையே நீட்டினால் அவர் என்ன சொல்வார்? பல பேர் உண்மையிலேயே கவனிக்காமல்தான் இருந்திருக்கிறார்கள். அதோடு, அச்சில் இருக்கும் பெண்களின் மர்ம நாவல்களைப் பட்டியல் போட்டுக் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பினார்கள்.

இந்த வேலைக்கு எழுத்தாளர் மட்டும் போதாது, வாசகர் வேண்டும். எழுத்தாளருக்குத் தன் புத்தகம் முக்கியம், அது இயற்கை. சக எழுத்தாளரோடு கொஞ்சம் போட்டியும் இருக்கும். வாசகருக்கோ ஒருவரைப் படித்து முடித்ததும் "இதே மாதிரி இன்னும் யார்?" என்ற பசிதான். அந்தப் பசியால் அவர் பழைய புத்தகக்கடையில் குடைவார், பட்டியல் போடுவார், அடுத்தவருக்குச் சொல்வார். அமெரிக்காவில் மர்மக்கதைகளுக்கென்றே தனிக்கடை என்ற வழக்கத்தைத் தொடங்கியவரும் ஒரு பெண்தான்: டிலிஸ் வின் 1972-ல் நியூயார்க்கில் திறந்த மர்டர் இங்க். 1989 முதல் வாஷிங்டன் பக்கம் நடக்கும் மாலிஸ் டொமஸ்டிக் மாநாட்டில் தரப்படும் அகதா விருதுக்கு நடுவர் குழு கிடையாது, வந்திருக்கும் வாசகர்கள்தான் வாக்களிக்கிறார்கள். பௌச்சர்கானில் தரும் ஆந்தனி விருதும் அப்படியே. வாசகர் தேர்வு என்றால் தரம் இறங்கும் என்று ஒரு பேச்சு உண்டு, நான் அதை நம்புவதில்லை. ஒரு வீட்டுவேலைக்காரப் பெண்ணைத் துப்பறிய வைத்த பார்பரா நீலியின் முதல் நாவலுக்கு, எட்கர் தரும் எழுத்தாளர் சங்கம் கண்டுகொள்வதற்கு வெகுகாலம் முன்பே, அகதா, ஆந்தனி இரண்டையும் கொடுத்தவர்கள் இந்த வாசகர்கள்தான். 1992-ல் வந்த புத்தகம் அது. எழுத்தாளர் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான கிராண்ட் மாஸ்டர் பட்டம் அறிவித்தது 2020-க்கு, அந்த ஆண்டு மார்ச்சில் அவர் இறந்துபோனார்.

நீலியின் நாயகி பிளான்ச் ஒயிட் கறுப்பினப் பெண். எந்த வெள்ளைக்கார வீட்டுக்குள்ளும் போகலாம், யாரும் அவளை ஒரு ஆளாகப் பார்க்கமாட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் அவள் முன்னாலேயே பேசுவார்கள். மிஸ் மார்ப்பிளுக்கு வயது தந்த மறைவை இவளுக்கு நிறமும் வேலையும் தருகின்றன. நம் ஊரில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் எது? ஏன் இந்தக் கதை தமிழில் எழுதப்படவில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சங்கத்தால் பலன் கிடைத்ததா என்று கேட்டால், மறுபடி அந்த எட்கர் பட்டியலைப் பாருங்கள். 1991-ல் ஜூலி ஸ்மித், 1993-ல் மார்கரெட் மேரன், 1994-ல் மினெட் வால்டர்ஸ், 1995-ல் மேரி வில்லிஸ் வாக்கர். ஐந்து ஆண்டில் நான்கு. மேரன் சிஸ்டர்ஸ் இன் க்ரைமின் ஆரம்பகாலத் தலைவர்களில் ஒருவர். எண்ணியதால்தான் இது வந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ரைட் 1986-ல் வாங்கியபோது அமைப்பே இல்லை. ஆனால் 22 ஆண்டு வறட்சிக்குப் பின் திடீரென்று பெண்களுக்கு எழுத்துத் திறமை வந்துவிட்டது என்று நம்புவதைவிட, பார்ப்பவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள் என்று நம்புவது எளிது.

இனி மெல்பர்ன். வாசகர்களின் பங்கு முழுசாகத் தெரிவது அங்கேதான்.

ஆஸ்திரேலியாவில் க்ரைம் நாவலின் தொடக்கம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது ஃபெர்கஸ் ஹ்யூம் 1886-ல் மெல்பர்னில் வெளியிட்ட நாவல். உலகம் முழுக்க விற்ற புத்தகம், தப்பில்லை. ஆனால் அதற்கு 21 ஆண்டு முன்பே, 1865-ல், எலன் டேவிட் என்ற பெண் 'ஆஸ்திரேலியன் ஜர்னல்' பத்திரிகையின் முதல் இதழிலிருந்தே ஒரு முழுநீளக் கொலைமர்மத் தொடர் எழுதியிருந்தார். ஆந்தனி ட்ராலப் என்ற ஆங்கில நாவலாசிரியரின் மனைவிக்கு இவர் அக்கா. அந்த உறவால்கூட இவர் பெயர் நிலைக்கவில்லை.

அதே பத்திரிகையில் இன்னொருவர். பெல்ஃபாஸ்டில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, தங்கவேட்டைக் காலத்தில் 1855-ல் விக்டோரியாவின் சுரங்கப் பகுதிக்கு வந்த மேரி ஃபார்ச்சூன். 'வெய்ஃப் வாண்டர்' என்றும் வெறும் 'டபிள்யூ. டபிள்யூ.' என்றும் கையெழுத்திட்டு, 1868 முதல் 1908 வரை நாற்பது ஆண்டுகள் துப்பறியும் கதைத்தொடர் எழுதினார். 500-க்கும் மேற்பட்ட கதைகள். அவருடைய துப்பறிவாளர் காவல்துறை ஆள், தன் வழக்குகளைத் தானே சொல்கிற மாதிரி நடை, அதனால் எழுதுவது ஆண் என்றே படித்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவருடைய சொந்த மகன் பெட்டகம் உடைக்கும் திருடனாகிச் சிறைக்குப் போனான். வீட்டுக்குள்ளேயே மூலப்பொருள் இருந்தது என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் அந்தத் தாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்? அந்த முதலெழுத்துகளுக்குப் பின்னால் யார் என்பதே பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியாது. ஜே.கே. மோயர் என்ற புத்தகச் சேகரிப்பாளரின் கையில் கிடைத்த காகிதங்களிலிருந்து துப்புத் தொடங்கி, எழுத்தாளரும் ஆய்வாளருமான லூசி சசெக்ஸ் ஆண்டுக்கணக்கில் துருவி அந்த வாழ்க்கையை வெளியே கொண்டுவந்தார். டேவிட்டின் நாவலை 1993-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்ததும் சசெக்ஸ்தான்.

1991-ல் மெல்பர்னில் சிஸ்டர்ஸ் இன் க்ரைமின் ஆஸ்திரேலிய அமைப்பு தொடங்கியபோது, அதை எழுத்தாளர் சங்கமாக அமைக்கவில்லை. கார்மெல் ஷூட் போன்றவர்கள் முன்னின்று நடத்திய அந்த அமைப்பில் ஆரம்பத்திலிருந்தே வாசகர்கள்தான் முதுகெலும்பு. காரணம் எளிமையானது: அன்றைக்கு ஆஸ்திரேலியாவில் க்ரைம் எழுதும் பெண்கள் சங்கம் வைக்கும் அளவுக்கு இல்லை. எழுதுபவர்கள் குறைவு, படிப்பவர்கள் ஏராளம். ஆகவே படிப்பவர்கள் கூடினார்கள். பப், உணவு விடுதி மாதிரி இடத்தில் மாலைக் கூட்டம், ஒரு கிளாஸ் வைன், பேச எழுத்தாளர் மட்டுமின்றிக் காவல் அதிகாரி, வழக்கறிஞர், தடயவியல் நிபுணர். ஆண்களும் வரலாம், அவர்களுக்கு 'பிரதர்ஸ் இன் லா' என்று பெயர். மைத்துனர் என்ற உறவும் வருகிறது, சட்டத்தின் பக்கம் நிற்பவர் என்ற கேலியும் வருகிறது.

வாசகர்களாகக் கூடியவர்கள் அடுத்துச் செய்ததுதான் எனக்கு வியப்பு. படிக்கப் போதுமான புத்தகம் இல்லையா, எழுத ஆள் தயாரிப்போம் என்று இறங்கினார்கள். 1994-ல் ஸ்கார்லெட் ஸ்டிலெட்டோ என்ற சிறுகதைப் போட்டி. நிபந்தனை இரண்டுதான்: எழுதுபவர் ஆஸ்திரேலியப் பெண்ணாக இருக்க வேண்டும், கதையில் குற்றமும் சுறுசுறுப்பான பெண் நாயகியும் இருக்க வேண்டும். முதல் பரிசுக்காரருக்கு, கூர்மையான குதிகால் தரையில் குத்தி நிற்கும் சிவப்பு ஹைஹீல்ஸ் செருப்பு ஒன்று கோப்பையாகக் கிடைக்கும். முதல் இரண்டு ஆண்டும் அதை வென்றவர் கேட் கென்னடி, பிற்பாடு ஆஸ்திரேலியாவின் முக்கியமான சிறுகதை எழுத்தாளராக ஆனவர். இரண்டு முறை முதல் பரிசு வாங்கியவர் மறுபடி போட்டியிட முடியாது என்ற விதி இருக்கிறது. நல்ல விதி. வாங்கியவரே வாங்கிக்கொண்டிருந்தால் புது ஆள் எப்படி வருவார்? இந்தப் போட்டியில் எழுதிப் பழகி நாவலாசிரியர் ஆனவர்கள் பல பேர்.

க்ரைம் எழுத்துக்கான ஆஸ்திரேலியாவின் நெட் கெல்லி விருதுகள் 1990களின் நடுவில் தொடங்கின. அதிலும் பெண்கள் பெயர் அபூர்வமாகத்தான் வந்தது. அதனால் 2001-ல் சிஸ்டர்ஸ் இன் க்ரைம் பெண்கள் எழுதும் புத்தகங்களுக்கு டேவிட் விருதைத் தொடங்கியது. ஆமாம், அதே எலன் டேவிட்டின் பெயரில். நூறு ஆண்டுக்கு மேல் மறக்கப்பட்டவர் பெயரை ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளில் வரவைத்துவிட்டார்கள். நடுவர்கள் தரும் பரிசுகளோடு, உறுப்பினர்கள் அத்தனை பேரும் வாக்களிக்கும் வாசகர் தேர்வும் உண்டு. முதல் ஆண்டுகளில் போட்டிக்கு வந்த புத்தகங்கள் ஒரு சின்ன அலமாரிக்குள் அடங்கின, சமீப ஆண்டுகளில் நூறைத் தாண்டிவிட்டன. 2017-ல் டேவிட் விருது வாங்கிய ஜேன் ஹார்ப்பரின் வறட்சிக்கால நாவலை இப்போது உலகம் முழுக்கப் படிக்கிறார்கள்.

வாசகர் கூட்டத்தின் பலம் பணமாகவும் தெரியும். கெரி கிரீன்வுட் மெல்பர்னின் நீதிமன்றங்களில் ஏழைகளுக்காக வாதாடிய சட்ட உதவி வழக்கறிஞர். 1989-ல் அவர் உருவாக்கிய ஃபிரைனி ஃபிஷர், 1928-ன் மெல்பர்னில் கையில் துப்பாக்கியும் பணமும் வைத்துக்கொண்டு யாருக்கும் கட்டுப்படாமல் திரிகிறவள். புத்தகங்கள் தொலைக்காட்சித் தொடராகி 2012 முதல் மூன்று பருவங்கள் ஓடின, நின்றுபோயின. 2017-ல் திரைப்படம் எடுக்க ரசிகர்களிடம் 2,50,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள், இரண்டே நாளில் அது சேர்ந்து, முடிவில் 7,00,000-ஐத் தாண்டியது. படம் 2020-ல் வந்தது. படம் சுமார்தான், என்னைக் கேட்டால் புத்தகமே மேல். ஆனால் ஒரு வாசகர் கூட்டம் தன் நாயகியை விட்டுக்கொடுக்காமல் இழுத்துக்கொண்டு வந்தது அந்தப் படம்.

இந்தச் சமூகத்துக்குள் எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிடாதீர்கள். பரெட்ஸ்கி 1986-ல் எழுப்பிய கேள்வியே, அதாவது பெண்ணுடல் மீதான கொடுமையை எவ்வளவு காட்டலாம் என்பது, இன்னும் தீரவில்லை. 2009-ல் பிரிட்டிஷ் எழுத்தாளரும் விமர்சகருமான ஜெசிகா மான், இனிமேல் அந்த மாதிரி நாவல்களுக்கு மதிப்புரை எழுதமாட்டேன் என்று அறிவித்தார், அவற்றில் சிலவற்றை எழுதுபவர்கள் பெண்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். 2018-ல் திரைக்கதை எழுத்தாளர் பிரிட்ஜெட் லாலஸ் ஸ்டான்ச் என்றொரு பரிசைத் தொடங்கினார்: எந்தப் பெண்ணும் அடிபடாத, பின்தொடரப்படாத, வன்புணர்வுக்கு ஆளாகாத, கொல்லப்படாத த்ரில்லருக்கு. உடனே வால் மெக்டெர்மிட், சோஃபி ஹன்னா முதலான பெண் எழுத்தாளர்களே எதிர்த்தார்கள். பெண்களுக்கு நடப்பதை எழுதாமல் விட்டால் அது நடக்காமல் போய்விடுமா என்பது அவர்கள் வாதம். எனக்கு எதிர்த்தவர்கள் பக்கமே மனம் சாய்கிறது. கொலை இருப்பதில் பிரச்சினை இல்லை, செத்தவள் யார் என்று கதைக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. முதல் ஸ்டான்ச் பரிசை வென்றது, புகலிடம் தேடி வருபவர்களின் படகைப் பற்றி எழுதிய ஜாக் செராங் என்ற ஆஸ்திரேலிய ஆண்.

பெண்கள் ஏன் இவ்வளவு ஆர்வமாகக் குற்றம் படிக்கிறார்கள் என்பதற்கு எச்சரிக்கைப் பாடம் என்ற விளக்கம் ஒன்று சுற்றுகிறது. 2010-ல் அமாண்டா விகரி, கிறிஸ் ஃப்ரேலி என்ற உளவியலாளர்கள், உண்மைக் குற்ற நூல்களைப் பெண்களே அதிகம் விரும்புகிறார்கள், தப்பிக்கும் வழி சொல்லும் நூல்களை இன்னும் அதிகம் விரும்புகிறார்கள் என்று கண்டார்கள். இருக்கலாம். ஆனால் நாவல் படிப்பவரிடம் கேட்டால் "விட்டதைப் பிடிப்பது சுகம்" என்பார். இருநூறாம் பக்கத்தில் அவிழும் முடிச்சை எண்பதாம் பக்கத்திலேயே பிடித்துவிட்ட சந்தோஷத்துக்குப் பெரிய உளவியல் தேவையில்லை.

நிறவெறி விஷயத்திலும் அமெரிக்க அமைப்பு தாமதமாகத்தான் விழித்தது. மார்ட்டி மக்காலிஸ்டர் என்ற கறுப்பினப் பெண் காவல் அதிகாரியைப் படைத்த எலனர் டெய்லர் பிளாண்டின் பெயரில், வெள்ளையர் அல்லாத புதிய எழுத்தாளர்களுக்கான உதவித்தொகை 2014-ல்தான் வந்தது.

தமிழில் எப்படி என்று அடுத்த கேள்வி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். 80களின் மாத நாவல் காலத்தில் லெண்டிங் லைப்ரரிகளை வாழவைத்தவர்களில் பெரும்பங்கு பெண்கள். ஆனால் ராஜேஷ்குமாரிடம் விவேக்குக்கு ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரிடம் பரத்துக்கு சுசீலா, சுபாவிடம் நரேந்திரனுக்கு வைஜயந்தி. புத்திசாலிகள், துணிச்சல்காரிகள், ஆனால் வழக்கு நாயகனுடையது. பெண்கள் எழுதிய மாத நாவல் என்றால் குடும்பக்கதை, காதல்கதை என்ற எல்லைதான் பெரும்பாலும். விதிவிலக்காக, 2014-ல் அம்பை மும்பையின் தனியார் துப்பறிவாளர் சுதா குப்தாவை வைத்து எழுதிய கதைகள் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' என்று புத்தகமாக வந்தன. துப்பைவிட மனிதர்கள் மேல் கண் அதிகம். இலக்கிய வாசகர்கள் அதைப் படித்தார்கள். க்ரைம் வாசகர்கள் பக்கம் அது போய்ச் சேர்ந்த மாதிரித் தெரியவில்லை, இந்த இரண்டு கூட்டமும் ஒரே கடையில் புத்தகம் வாங்குவது அபூர்வம்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம் என்றால், ராணியை விட்டுவிட்டு ஹியூஸின் அந்த 1947 நாவலில் தொடங்குங்கள், தலைப்பு 'இன் எ லோன்லி பிளேஸ்'. அடுத்து நீலியின் 'பிளான்ச் ஆன் தி லாம்'. பரெட்ஸ்கியில் முதல் நாவலைவிட, தொடர் சூடுபிடித்த பிறகு வந்தவை மேல். மேரி ஃபார்ச்சூனை மொத்தமாகப் படிக்காதீர்கள், அலுக்கும். வாரத்துக்கு ஒரு கதை போதும், பத்திரிகையில் இடைவெளி விட்டுப் படிப்பதற்கென்றே அவர் எழுதியவை அவை.